டாங் டெஸ்டரை எங்கே மாட்டுவது: பெரிய மோட்டார், பேனல், பேட்டரி, சோலாரில் கரண்டை ஆபத்தில்லாமல் அளக்க முழு வழிகாட்டி

குளச்சல் பக்கம் கடலோரத்தில் ஒரு ஐஸ் பிளான்ட். கம்ப்ரெசருக்கு 50 ஹெச்.பி. மோட்டார், அது அடிக்கடி டிரிப் ஆகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மல்டிமீட்டரை எடுத்திருக்கிறார். முந்தின நாள் அதே மீட்டரில் சார்ஜர் கரண்ட் பார்த்தவர், சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டுவிட்டார். அப்படியே வோல்டேஜ் பார்க்கலாமென்று மெயினில் இரண்டு ஃபேஸிலும் முனைகளை வைத்தார். ஒரே ஒரு சத்தம்தான். முனைகள் உருகிப்போயின, மீட்டர் பிளந்தது, தம்பியின் உள்ளங்கை கொப்புளித்துப் புருவம் கருகியது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பெரிய ஆறுதல். அங்கே நின்ற வயதான மெக்கானிக் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மக்கா, செவப்பு வயர எந்த ஓட்டையில குத்தியிருக்கன்னு பாத்தியா லே?"

அதன்பிறகு யாருக்கு வேலை சொல்லிக்கொடுத்தாலும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். இது தும்பு மில், ரைஸ் மில், ஐஸ் பிளான்ட், முந்திரி ஆலை, தோட்டத்து மோட்டார், வீட்டு இன்வெர்ட்டர், மாடி சோலார் என்று நம் குமரி மாவட்டத்தில் பெரிய கரண்ட் ஓடும் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கும், கோணம் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு இப்போதுதான் சைட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கும். லைசென்ஸ் இல்லாதவர்கள் பேனலைத் திறக்க வேண்டாம். ஆனால் படித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் வேலை செய்கிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க உதவும்.

10 ஆம்பியர் ஓட்டைக்குள் என்ன இருக்கிறது

பள்ளிக்கூடத்தில் கரண்ட் அளக்க அம்மீட்டரைத் தொடராக இணை என்று படித்திருப்போம். அது சரிதான், சின்ன சர்க்யூட்டில். மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்தால் உள்ளே இருப்பது தடித்த ஒரு கம்பித்துண்டு. அதன் தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். கரண்ட் அதன் வழியாகத் தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தத் துண்டை 415 வோல்ட்டுக்குக் குறுக்கே வைத்தால் நீங்கள் அளக்கவில்லை, ஷார்ட் செய்கிறீர்கள்.

ஷார்ட்டானால் எவ்வளவு கரண்ட் பாயும்? 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழு லோடு கரண்ட் சுமார் 348 ஆம்பியர். அதன் உள்தடையான இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்று வைத்தால், அதன் வாயிலிலேயே ஷார்ட் ஆகும்போது பாயக்கூடியது 348 ÷ 0.045, அதாவது கிட்டத்தட்ட 7,700 ஆம்பியர். கேபிள் நீளம் கூடக்கூட இது குறையும், இருந்தாலும் சில ஆயிரங்களில்தான் நிற்கும். விலை குறைந்த மீட்டர்களில் இருக்கிற கண்ணாடி ஃப்யூஸ் இதை அறுக்காது, அறுந்த இடத்திலேயே தீப்பிழம்பு நின்று எரியும். பல மீட்டர்களில் அந்த 10 அல்லது 20 ஆம்பியர் ஓட்டைக்கு ஃப்யூஸே கிடையாது, ஓட்டைக்குப் பக்கத்திலேயே அப்படி அச்சடித்திருக்கும்.

அதனால் நான் வைத்திருக்கும் முறை இது. மெயின் சப்ளையில் இருந்து வரும் எந்த லைனிலும் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்துக் கரண்ட் பார்ப்பதில்லை. சுற்றை அறுக்காமல், உலோகத்தைத் தொடாமல், வயரை வெளியிலிருந்து கவ்வி அளக்கும் டாங் டெஸ்டர் இருக்கிறது, அந்த வழியில்தான் போக வேண்டும். மல்டிமீட்டர் வோல்டேஜுக்கு மட்டும். கரண்ட் ஓட்டையைப் பயன்படுத்தினால் வேலை முடிந்த அந்த நிமிடமே சிவப்பு வயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைப் பைக்குள் வைக்க வேண்டும். என் மீட்டரில் அந்த 10 ஆம்பியர் ஓட்டையை டேப் போட்டு ஒட்டியே வைத்திருக்கிறேன்.

அளக்கும் முன் பேப்பரில் கணக்கு

எவ்வளவு வரும் என்று தெரியாமல் அளக்கப் போகாதீர்கள். எதிர்பார்க்கும் எண் கையில் இருந்தால் மீட்டர் தப்பாகக் காட்டினாலும் உடனே தெரியும், ரேஞ்சும் சரியாக வைக்கலாம்.

த்ரீ ஃபேஸ் 415 வோல்ட்டில் மோட்டாருக்கு ஒரு ஹெச்.பி.க்கு சுமார் 1.4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஹெச்.பி.க்கு 7, 10 ஹெச்.பி.க்கு 14 அல்லது 15. மோட்டார் பெரிதாகப் பெரிதாக இது 1.3 பக்கம் இறங்கும், 50 ஹெச்.பி. மோட்டார் முழு லோடில் 65, 66 ஆம்பியர் எடுக்கும். ஹீட்டராக இருந்தால் ஒரு கிலோவாட்டுக்கு 1.4. ஜெனரேட்டருக்கும் அதே 1.4தான், ஆனால் கே.வி.ஏ.யால் பெருக்க வேண்டும்: மண்டைக்காடு கோயில் கொடைக்கு விளக்குப் பந்தலுக்காக 62.5 கே.வி.ஏ. செட் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்றால் ஒரு ஃபேஸுக்கு 87 ஆம்பியர் வரைதான் அது தாங்கும். இதெல்லாம் தோராயம். நேம் பிளேட்டில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை, அது துருப்பிடித்துப் படிக்க முடியாமல் போகும் முன் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

ஸ்டார்ட் ஆகும் கரண்ட் தனி. நேரடியாக லைனில் போட்டு ஓடவிடும் ஸ்டார்ட்டரில் முழு லோடு கரண்ட்டைப் போல 6 முதல் 8 மடங்கு சில வினாடிகள் பாயும். 50 ஹெச்.பி.க்கு அது 400 ஆம்பியரைத் தாண்டும். ஸ்டார் இணைப்பில் தொடங்கி டெல்டாவுக்கு மாறும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் லைன் கரண்ட் அதில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

என்ன மீட்டர் வாங்குவது

நாம் டாங் டெஸ்டர் என்று சொல்வதும் கடையில் க்ளாம்ப் மீட்டர் என்று எழுதியிருப்பதும் ஒன்றுதான். அதன் வாய் இரண்டாகத் திறக்கும் ஒரு இரும்பு வளையம், உள்ளே சுருள். வயரில் ஓடும் ஏ.சி. கரண்ட் தன்னைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது, அந்தப் புலம் இரும்பு வழியாகச் சுற்றிவந்து சுருளில் சிறிய கரண்டை எழுப்புகிறது, மீட்டர் அதை அளந்து பெருக்கிக் காட்டுகிறது. செம்பைத் தொடவே வேண்டாம்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வாய்க்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கேட் எண். கேட் 2 என்றால் வீட்டு பிளக் பாயின்ட் வரை. கேட் 3 என்றால் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, மோட்டார் பேனல். கேட் 4 என்றால் சர்வீஸ் கம்பி உள்ளே வரும் இடம், மீட்டர் போர்டு. இது வோல்ட் அளவைப் பற்றியது மட்டுமில்லை, மின்னல் விழும்போதும் பெரிய லோடு மாறும்போதும் லைனில் பாயும் திடீர் வோல்டேஜை மீட்டர் எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றியது. மில் வேலைக்குக் கேட் 3 600 வோல்ட்டுக்குக் கீழ் வாங்காதீர்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை வேலைக்குப் போகிறவர்கள் 1000 வோல்ட் எழுதியதையே வாங்குங்கள், பெரிய காற்றாலைகளில் 690 வோல்ட் வரும்.

அடுத்து, ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்க வேண்டும். ஸ்பீடு கன்ட்ரோல் டிரைவ், எல்.இ.டி., யு.பி.எஸ். எல்லாம் கரண்டைத் துண்டு துண்டாக இழுக்கின்றன. சாதாரண மீட்டர் அலை ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக் கணக்கிடும், அலை உடைந்திருந்தால் உண்மையைவிட 30, 40 சதவீதம் வரைகூடக் குறைத்துக் காட்டிவிடும். கேபிள் சூடாகிறது, மீட்டரோ சரியென்கிறது என்றால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

டி.சி. பார்க்க வேண்டுமென்றால் ஏ.சி., டி.சி. இரண்டும் என்று எழுதியதை வாங்க வேண்டும், அதன் உள்ளே மாறாத காந்தப் புலத்தையும் உணரும் ஹால் சென்ஸர் இருக்கும். சாதாரண டாங் டெஸ்டர் டி.சி.யில் பூஜ்யம் காட்டும், அதை நம்பிக் கரண்ட் இல்லை என்று பேட்டரி லக்கை, அதாவது வயர் முனையில் இருக்கும் உலோக மாட்டியை, கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பேனல் முன் நின்று செய்ய வேண்டியது

முதலில் உடை. சாரம் (லுங்கி) உடுத்திக்கொண்டு பேனல் முன் நிற்க வேண்டாம். முழுக்கை காட்டன் சட்டை, பேன்ட், ஷூ. பாலியெஸ்டர் தீப்பிழம்பு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றிப் பாக்கெட்டுக்குள். கையில் 1000 வோல்ட்டுக்கான ரப்பர் கையுறை, முகத்துக்கு ஷீல்டு, காலுக்குக் கீழே ஐ.எஸ். 15652 எழுதிய ரப்பர் மேட். ஐஸ் பிளான்ட்டில் தரை எப்போதும் ஈரம், அதுவும் உப்புத் தண்ணீர். அங்கே மேட்டின் அடியும் மேலும் துடைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். ஷாக் ஆளைக் கொல்ல ஆம்பியர் கணக்கில் தேவையில்லை. 10 மில்லி ஆம்பியர் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம், 30 மில்லி ஆம்பியரைத் தாண்டவிடக் கூடாது என்றுதான் கசிவு வந்தால் சப்ளையை வெட்டும் வீட்டு ஆர்.சி.சி.பி.யை அந்த அளவில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஆள் கட்டாயம். அவர் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, மெயின் சுவிட்ச் அருகே நிற்க வேண்டும். ஏதாவது ஆனால் முதலில் மெயினை ஆஃப் செய், என்னைத் தொட்டு இழுக்காதே என்று வேலை தொடங்கும் முன் அவருக்கு வாய் திறந்து சொல்லுங்கள். தெரியும்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

மீட்டரைத் தெரிந்த ஒரு லோடில் சோதித்துக்கொள்ளுங்கள். வாய் ஓரங்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்காற்றில் ஆறு மாதத்தில் இரும்பின் முனைகளில் துரு ஏறிவிடுகிறது, அப்புறம் வாய் முழுதாக மூடாது, நூல் அளவு இடைவெளி விழுந்தாலே ரீடிங் குறைந்துவிடும். உலர்ந்த துணியால் துடையுங்கள், மெல்லிய எண்ணெய்த் தடம் போதும்.

சரி, இப்போது அளக்கலாம். எந்த இடத்தில் மாட்டுவது என்று கதவைத் திறக்கும் முன்னாலேயே யோசியுங்கள். இன்சுலேஷன் நன்றாக இருக்கிற, ஒற்றை ஒற்றையாகப் பிரிந்து போகிற கேபிள் இருக்கும் இடம் வேண்டும், டெர்மினலில் இருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. கரண்ட் ஓடும் வெறும் உலோகப் பட்டையான பஸ்பாரில் மாட்டாதீர்கள். எலி கடித்த, வெடித்த கேபிளிலும் வேண்டாம். மீட்டரை மிகப் பெரிய ரேஞ்சில் வையுங்கள். பழைய முள் மீட்டராக இருந்தால் வயரில் மாட்டியிருக்கும்போது ரேஞ்சைத் திருப்பக் கூடாது, வெளியே எடுத்துத் திருப்பிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும், ஏன் என்பது சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) பற்றிச் சொல்லும்போது புரியும். மீட்டரின் கைப்பிடியில் ஒரு விளிம்பு தடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும், விரல் அதற்கு முன்னால் போகவே கூடாது. ஒரு கை மீட்டரில், இன்னொரு கை பின்னால் அல்லது பாக்கெட்டில், பேனல் கதவைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. வாயைத் திறந்து ஒரே ஒரு வயரை உள்ளே விட்டு, முழுதாக மூடியதா என்று பார்த்து, வயரை வளையத்தின் நடுவில், செங்குத்தாக வரும்படி பிடியுங்கள். பக்கத்து வயர் வளையத்தின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் புலமும் கொஞ்சம் சேரும், தள்ளிப் பிடியுங்கள். ஹோல்டு பட்டனை அழுத்தி, எடுத்து, வெளியே வந்து படியுங்கள். மூன்று ஃபேஸிலும், அப்புறம் நியூட்ரலிலும்.

ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்த வயரைச் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் வரும், போன கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். மூன்று கோர் கேபிளை அப்படியே கவ்வினாலும் இதுதான் நடக்கும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். இதையே வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: எல்லாக் கோரையும் ஒன்றாகக் கவ்வும்போது பூஜ்யத்துக்குப் பதில் சில மில்லி ஆம்பியர் வந்தால் அவ்வளவும் எர்த்துக்குக் கசிகிறது. அதற்கென்று மில்லி ஆம்பியர் படிக்கும் லீக்கேஜ் க்ளாம்ப் தனியாக இருக்கிறது, மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழும் வீடுகளில் அது சொக்கத் தங்கம்.

கரண்ட் மிகக் குறைவாக, மீட்டரின் அடிமட்டத்தில் வந்தால் சப்ளையை ஆஃப் செய்துவிட்டு அந்த வயரை வளையத்துக்குள் 10 சுற்று சுற்றி, ஆன் செய்து, வரும் எண்ணை 10ஆல் வகுங்கள்.

இன்னொன்று, இதைத் தனியாக மனதில் வையுங்கள். கரண்ட் பூஜ்யம் என்றால் வோல்டேஜ் இல்லை என்று அர்த்தமில்லை. லோடு ஓடாதபோது முழு 415 வோல்ட்டும் அங்கேதான் காத்துக்கொண்டிருக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்துப் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கிலேயே கொடுத்து ஓட்டியவர்களைப் பார்த்தேன். அப்படிச் செய்தால் கரண்ட் சர்வீஸ் கம்பி வழியாகத் திரும்பப் போய், செத்த லைன் என்று நினைத்துப் போஸ்ட்டில் ஏறியவருக்கு அடிக்கும். லைன் செத்ததா என்று வோல்டேஜ் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: தெரிந்த உயிருள்ள லைனில் மீட்டரைச் சோதித்து, பிறகு இந்த லைனைப் பார்த்து, மறுபடி உயிருள்ள லைனில் மீட்டரைச் சோதித்து. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு சோதனை.

எண் வந்துவிட்டது, அது என்ன சொல்கிறது

ஆர் ஃபேஸில் 62, ஒய்யில் 66, பியில் 58 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 62. சராசரியிலிருந்து அதிகம் விலகியது 4. 4 ÷ 62, அதாவது ஆறரை சதவீதம். சப்ளை வோல்டேஜிலேயே 1, 2 சதவீத வித்தியாசம் இருந்தாலும் மோட்டார் கரண்டில் அது பல மடங்காகப் பெருகித் தெரியும், அதனால் உடனே மோட்டாரைக் குறை சொல்லக் கூடாது. 10 சதவீதத்தைத் தாண்டினால் நான் காரணம் தேடுவேன். எளிய வழி ஒன்று இருக்கிறது. சப்ளையை முழுதாக ஆஃப் செய்து, வோல்டேஜ் இல்லை என்று உறுதிசெய்து, மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் ஒரு இடம் நகர்த்துங்கள், ஆர் இருந்த இடத்தில் பி, ஒய் இருந்த இடத்தில் ஆர், பி இருந்த இடத்தில் ஒய். மூன்றையும் நகர்த்தினால் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓடவிட்டு அளங்கள். அதிகக் கரண்ட் அதே ஃபேஸ் லைனோடு இருந்தால் குறை சப்ளை பக்கம்: தளர்ந்த லக், எரிந்த கான்டாக்ட், ஃப்யூஸ் பிடி. மோட்டாரின் அதே வைண்டிங்கோடு நகர்ந்தால் குறை மோட்டாருக்குள். வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இந்த அரைமணி நேர வேலையைச் செய்யுங்கள், செலவு எவ்வளவோ மிஞ்சும்.

ஒரு ஃபேஸ் பூஜ்யம், மற்ற இரண்டும் வழக்கத்தைவிடச் சுமார் 1.7 மடங்கு என்றால் அது சிங்கிள் ஃபேஸிங். நிற்காமல் உடனே மோட்டாரை ஆஃப் செய்யுங்கள்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் பலரும் ஏமாறும் இடம் இது. ஸ்டார்ட்டரில் இருந்து மோட்டாருக்கு ஆறு வயர் போகும். டெல்டாவில் ஓடும்போது அந்த ஆறில் ஒன்றை அளந்தால் வருவது வைண்டிங்குக்குள் ஓடும் கரண்ட், லைன் கரண்ட்டை 1.732ஆல் வகுத்தது. நான் சொன்ன அந்த ஐஸ் பிளான்ட்டில் ஏற்கெனவே ஒருவர் வந்து 44 ஆம்பியர் படித்துவிட்டு, 66 ஆம்பியர் மோட்டார் லேசாகத்தான் ஓடுகிறது, லோடு கூடினால் டிரிப் செய்யும் ஓவர்லோடு ரிலேதான் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். 44ஐ 1.732ஆல் பெருக்கினால் 76. மோட்டார் 10 ஆம்பியர் கூடுதலாகச் சுமந்துகொண்டிருந்தது, ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்தது. கண்டென்ஸரில் தண்ணீர் போகும் குழாய்கள் உப்படைத்துப் பிரஷர் ஏறியிருந்தது, அதைச் சுத்தம் செய்ததும் லைனில் 63க்கு வந்தது. ஓவர்லோடு ரிலே அந்த ஆறு வயர் பக்கம் மாட்டியிருந்தால் அதன் செட்டிங்கும் லைன் கரண்ட்டின் 0.58 மடங்குதான் இருக்க வேண்டும்.

கெப்பாஸிட்டர் இருந்தால் அதற்கு முன்னால் அளப்பதும் பின்னால் அளப்பதும் வேறு வேறு எண் தரும், முன்னால் குறையும், மோட்டார் பக்கம் மாறாது. கெப்பாஸிட்டரையே கவ்விப் பாருங்கள்: 415 வோல்ட்டில் 10 கே.வி.ஏ.ஆர். என்றால் ஒரு ஃபேஸுக்கு சுமார் 14 ஆம்பியர் வர வேண்டும், ஒரு ஃபேஸில் 5தான் வருகிறது என்றால் அது போய்விட்டது. கழற்றும் முன் ஆஃப் செய்து ஐந்து நிமிடமாவது பொறுத்து, வோல்டேஜ் இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஸ்பீடு டிரைவ் இருந்தால் மோட்டார் பக்கம் 20 ஆம்பியரும் சப்ளை பக்கம் 9 ஆம்பியரும் வரலாம், வேகம் குறைத்து ஓட்டும்போது அது இயல்புதான்.

சி.டி. வைத்த பேனல்

100 ஆம்பியருக்கு மேல் போகும் பேனல்களில் கேபிளையோ பஸ்பாரையோ சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருக்கும், அதுதான் சி.டி. 200/5 என்று எழுதியிருந்தால் லைனில் 200 ஆம்பியர் ஓடும்போது சின்ன வயரில் 5 ஆம்பியர் வரும். அந்தச் சின்ன வயரை டாங் டெஸ்டரால் கவ்வி 3.2 வந்தால் 40ஆல் பெருக்கி, லைனில் 128 என்று சொல்லிவிடலாம். பெரிய கரண்டை அளக்க இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. லைனில் கரண்ட் ஓடும்போது சி.டி.யின் எஸ்1, எஸ்2 என்று எழுதிய முனைகளில் இருந்து வரும் அந்தச் சின்ன வயரைத் திறந்து விடவே கூடாது. அம்மீட்டர் இணைந்திருக்கும்போது சின்னச் சுருளில் ஓடும் கரண்ட் பெரிய லைனின் காந்தப் புலத்தை எதிர்த்துச் சமன் செய்துகொண்டே இருக்கிறது. வயரைக் கழற்றினால் எதிர்க்க ஆள் இல்லை, லைன் கரண்ட் முழுவதும் இரும்பைக் காந்தமாக்கப் போகிறது, சுருளின் முனைகளில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வோல்ட் துடிப்பு எழும். ஆளையும் அடிக்கும், சி.டி.யையும் எரிக்கும். பழைய முள் மீட்டரில் ரேஞ்சைத் திருப்பக் கூடாது என்று சொன்னதும் இதனால்தான், திருப்பும் கணத்தில் உள்ளே சுருள் திறந்துவிடும்.

கெட்ட அம்மீட்டரை மாற்ற வேண்டுமானால் பேனலை ஆஃப் செய்து மாற்றுங்கள், நேரம் கேட்டு வாங்குங்கள். முடியவே முடியாது என்றால் டெர்மினல் பிளாக்கில் ஷார்ட்டிங் லிங்க்கைப் போட்டு, அது இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, அம்மீட்டருக்குப் போகும் வயரை டாங் டெஸ்டரால் கவ்வி அங்கே பூஜ்யமும் லிங்க்கில் கரண்டும் ஓடுகிறதா என்று உறுதிசெய்த பிறகே ஸ்க்ரூவைத் தொடுங்கள். புதியதை மாட்டி இறுக்கிய பிறகுதான் லிங்க்கைத் திறக்க வேண்டும். எஸ்2வில் இருக்கும் எர்த் வயரை எப்போதும் கழற்றாதீர்கள். புதிய அம்மீட்டரின் ஸ்கேல் சி.டி.யோடு பொருந்த வேண்டும், 200/5 சி.டி.யில் 100/5 மீட்டர் மாட்டினால் பாதிதான் காட்டும். மின்வாரியம் சீல் வைத்த சி.டி. பெட்டி நம்முடையதில்லை, பக்கத்தில் போக வேண்டாம்.

பேட்டரியும் சோலாரும்

12 வோல்ட்தானே என்ற நினைப்புதான் இங்கே எதிரி. 12 வோல்ட் இன்வெர்ட்டரில் 800 வாட் ஓட்டினால், 85 சதவீதம் திறன் என்று வைத்தாலும் பேட்டரி வயரில் கிட்டத்தட்ட 78 ஆம்பியர் ஓடுகிறது. டியூபுலர் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து ஸ்பேனரே சிவக்கும், விரலில் மோதிரம் இருந்து அது நடுவில் மாட்டினால் விரல் போகும். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க டேப் சுற்றி வையுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அடைத்த அறையில் பொறி பறக்க விடக் கூடாது, ஜன்னலைத் திறந்துவிட்டு வேலை செய்யுங்கள். வள்ளத்தில் பேட்டரி மரப்பலகைக்கு அடியில் இருக்கும், பலகையைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாடவிட்டு அப்புறம் குனியுங்கள்.

டி.சி. க்ளாம்ப்பை வயருக்குப் பக்கத்தில், அளக்கப் போகும் அதே சாய்வில் பிடித்து ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு மாட்டுங்கள். ஹால் சென்ஸர் பூமியின் காந்தத்தையும் பக்கத்து இரும்பையும்கூட உணரும். வாயில் இருக்கும் அம்புக்குறி பேட்டரியில் இருந்து வெளியேறும் திசையைப் பார்த்திருந்தால் சார்ஜ் ஆகும்போது மைனஸ் வரும். பிளஸ்ஸுக்கு இரண்டு வயர் ஜோடியாகப் போட்டிருந்தால் இரண்டையும் தனித்தனியே அளந்து கூட்டுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் ஒரு லக் சரியாகக் க்ரிம்ப் ஆகவில்லை.

எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமானால் ஷன்ட் மாட்டலாம், அது வயரோடு தொடராகப் போடும், அளவு தெரிந்த ஒரு சிறு தடை. 100 ஆம்பியர், 75 மில்லி வோல்ட் என்று எழுதியதில் 45 மில்லி வோல்ட் வந்தால் 60 ஆம்பியர். மைனஸ் பக்கத்தில் மாட்டுங்கள், மீட்டர் வயரைப் பெரிய போல்ட்டில் இணைக்காமல் அதற்கென்று இருக்கும் சின்ன ஸ்க்ரூவில் இணையுங்கள், இல்லையென்றால் போல்ட் இணைப்பின் தடையும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும்.

மாடி சோலாரில் பத்து பேனல் தொடராக இருந்தால் 400 வோல்ட் டி.சி. தாராளமாக வரும். கரண்ட் 10, 13 ஆம்பியர்தான், ஆனால் ஏ.சி. ஒரு வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது, டி.சி. தொடுவதே இல்லை, அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிரித்தால் எழும் தீப்பிழம்பு தானாக அணையாது. இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, டி.சி. ஐசொலேட்டரை ஆஃப் செய்து, க்ளாம்ப்பில் பூஜ்யம் பார்த்து, அதன்பிறகு பிரியுங்கள். மேகம் மூடியிருந்தாலும் வோல்டேஜ் இருக்கும். சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது மாடிக்கே போக வேண்டாம்.

திரும்பி வந்துவிட வேண்டிய இடங்கள்

11 கே.வி. லைன், டிரான்ஸ்ஃபார்மரின் மேல் பக்கம், இவற்றில் கையால் அளக்கும் பேச்சே கிடையாது. பேனல் கதவு திறந்தாலே வயர்கள் வெளியே பிதுங்குகிற, பஸ்பாருக்கு மறைப்பு இல்லாத, மேற்கூரையில் இருந்து தண்ணீர் சொட்டுகிற இடங்களில் ஆஃப் செய்யச் சொல்லுங்கள். ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வளைந்து கொடுக்கும் ரோகோவ்ஸ்கி வளையத்தைக் கேபிளைச் சுற்றி மாட்டி, அதன் வயரை வெளியே எடுத்து, கதவை மூடி, அப்புறம் ஆன் செய்து வெளியே நின்று படிக்கலாம். பெரிய ஏ.சி. லோடுகளுக்கு, டாங் டெஸ்டரின் வாய் போதாத தடித்த கேபிள்களுக்கு இதுதான் வழி. முதலாளி அவசரப்படுத்துவார், ஐஸ் உருகுகிறது என்பார். அரைமணி நேரம் கேளுங்கள், கொடுக்கவில்லையென்றால் அளக்காமல் வந்துவிடுங்கள்.

கதவின் உள்பக்கம் ஒரு தாள்

அளந்ததை எழுதி வைக்காவிட்டால் அடுத்த முறை ஒன்றும் தெரியாது. ஒரு தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தேதி, நேரம், மூன்று ஃபேஸ் வோல்டேஜ், மூன்று ஃபேஸ் கரண்ட், எந்த இடத்தில் கவ்வியது (லைனிலா, ஆறு வயரிலா), அப்போது என்ன லோடு ஓடியது, யார் அளந்தது. அந்த ஐஸ் பிளான்ட்டில் இப்போது மாதம் ஒருமுறை எழுதுகிறார்கள். 63, 64, 64, 67 என்று ஏறத் தொடங்கினால் மோட்டார் டிரிப் ஆகும் முன்பே கண்டென்ஸரைத் திறக்கிறார்கள். எழுதுகிறவர் அந்தத் தம்பிதான், கையில் இருப்பது கேட் 3 டாங் டெஸ்டர்.